சோனகத் தெருவும் சிவன் கோயிலடியும்

யாழ்ப்பாணப் பட்டினத்துப் பெரியகடையிலிருந்து காங்கேசன்துறை வீதி வழியாக வடதிசை நோக்கி நடப்போர், அதிக தூரஞ் செல்லுமுன்னரே வண்ணார்பண்ணையை அடைவர். அங்கே முதலிற் கண்ணிற்படுவது வைத்தீசுவரன் கோயில். ஊரார் அதனைச் சிவன் கோயிலென்றே வழங்குவர். பெரு வீதியை விட்டு மேற்கே திரும்பி, ஒழுங்கைகளினூடே சென்றால், சோனகத் தெருவும், ஐந்து சந்தியும், பெரிய பள்ளிவாசலும் வந்துவிடும். கோயில் மணியோசை கேட்கும் இடத்துக்கும் பள்ளிவாசலிற் பாங்கு சொல்வது கேட்கும் இடத்துக்கும் இடையிலே, புத்தகக் கட்டைத் தோளிற் போட்டுக்கொண்டு ஒரு சிறுவன் நடந்துபோகக் கால்மணி நேரத்துக்கு மேற் செல்லாது.

வண்ணார்பண்ணையின் சரித்திரத்தை எழுதப் புகுந்தோர் பெரும்பாலுங் கோயிற் பக்கத்திலேயே நின்றுவிட்டனர். நாவலர், அவர் பாடசாலை, அவர் அச்சுக்கூடம், இந்துக் கல்லூரி என்று அவர்கள் நிரைப்படுத்தியவையெல்லாம் உண்மையே. ஆயினும் ஊரின் மேற்குப் பாதி அந்தச் சரித்திரத்தில் இடம்பெறுவதில்லை. அப்பாதியிற் பிறந்து, தினமும் மறுபாதிக்கு நடந்து சென்று கல்வி கற்ற ஒருவர் இருந்தார். அவரே பிற்காலத்தில் இலங்கை முஸ்லிம்களின் கல்விக்குப் பெருந்தொண்டு புரிந்த ஏ. எம். ஏ. அஸீஸ். அவர் 1911ஆம் ஆண்டு ஒக்டோபர் 4ஆந் தேதி வண்ணார்பண்ணையிற் பிறந்தார். அவருடைய இளமைப் பருவத்தைப் பின்தொடர்ந்து சென்றால் அவ்வூரின் இரு பாதிகளையும் ஒருங்கே காணலாம்.

ஊரின் பெயரிலிருந்தே தொடங்குவோம். வண்ணார்பண்ணையென்னும் பெயருக்குக் காரணங் கூறுவோர் பலர். துணி வெளுப்போர் குடியிருந்த பண்ணையென்பர் சிலர். துணிக்கு வண்ணமேற்றும் தொழிலோடு அதனைத் தொடர்புபடுத்துவர் வேறு சிலர். ஒல்லாந்தர் காலத்தில் வடபகுதியிற் சாயவேர் அகழ்வித்துச் சேர்ப்பதும் துணிக்குச் சாயந் தோய்ப்பதும் பெருந்தொழில்களாயிருந்தன என்பது உண்மை. எக்காரணங் கொண்டாலும், கைத்தொழில் செய்து வாழ்ந்த எளிய மக்களின் பெயராலேயே இவ்வூர் வழங்கிற்று. பாட்டிலும் உரையிலும் அதனை வண்ணையென்று சுருக்கி அழகுபடுத்திக்கொண்டவர்கள் பிற்காலத்துப் புலவர்கள்.

சிவன் கோயில் எழுந்தது 18ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில். போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்துக் கோயில்களை இடித்தனர். அவர்களுக்குப்பின் 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தரும் தொடக்கத்தில் சைவக் கோயில்களுக்கு இடங்கொடுத்தாரல்லர். காலஞ் செல்லச்செல்ல அவர்களுடைய பிடி தளர்ந்தது. அத்தளர்ச்சிக் காலத்திலேதான், வண்ணார்பண்ணையிற் பெருவணிகராயிருந்த கோபாலச் செட்டியாரின் மகன் வைத்திலிங்கச் செட்டியார் இக்கோயிலைக் கட்டுவித்தார். வட்டுக்கோட்டைக் கணபதி ஐயர் இத்தலத்தின்மீது ஒரு குறவஞ்சியும் பாடினார்.

அச்செட்டியார் குடும்பத்தின் ஆதரவில் வாழ்ந்த ஒரு துறவியை ஈண்டு மறத்தல் தகாது. அவர் கூழங்கைத் தம்பிரான். தமிழகத்திலிருந்து வந்தவர். தம்மேற் சுமத்தப்பட்ட பழியைப் பொய்யென்று காட்டக் கொதிக்கும் நெய்யிற் கையையிட்டார் எனவும், அதனாற் கை கூழையாயிற்றெனவும் கர்ணபரம்பரை கூறும். நன்னூலுக்கு உரை செய்த அப்பெரியார், ஒல்லாந்தரின் புரட்டஸ்தாந்து சபையிற் குருவாயிருந்த பிலிப்பு தெ மெல்லோ என்னும் தமிழருக்கு நண்பராகி, யோசேப்பு புராணம் என ஒரு நூல் பாடினார் என்பர். திருநீறு பூசிய தம்பிரானொருவர் விவிலியத்து யோசேப்பின் கதையைப் புராணமாக்கினார் என்றால், அக்காலத்து வண்ணார்பண்ணையின் போக்கு எத்தகையதென்பது விளங்கும். அடுத்த நூற்றாண்டிற் சமய வாதங்கள் சூடேறியபோது இந்தப் பழைய நட்பைப் பலர் மறந்துவிட்டனர்.

அந்த வாதங்களின் களமும் வண்ணார்பண்ணையே. 1847ஆம் ஆண்டு திசம்பர் 31ஆந் தேதி, வெள்ளிக்கிழமை, சிவன் கோயில் வசந்த மண்டபத்திலே நல்லூர் ஆறுமுகநாவலர் தமது முதலாவது சைவப் பிரசங்கத்தைச் செய்தார். அப்பொழுது அவருக்கு வயது 25. நாவலரென்னும் பட்டம் இன்னும் அவருக்குக் கிடைக்கவில்லை. வெசுலியன் மிசனைச் சேர்ந்த பேர்சிவல் பாதிரியாரின் பாடசாலையிற் படித்து, அங்கேயே படிப்பித்து, விவிலியத் தமிழ் மொழிபெயர்ப்பிலும் பாதிரியாருக்குத் துணைநின்றவர் அவர். மிசனரிமார் பாடசாலையாலும் பிரசங்கத்தாலும் அச்சுப் புத்தகத்தாலும் மக்களைக் கவர்ந்த முறையை அவர் உள்ளேயிருந்து கண்டவர். ஆதலின் அதே மூன்றையும் கையிலெடுத்தார். 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலை தொடங்கியது. பாதிரியாரிடம் பார்த்த வேலையை அவ்வாண்டிலேயே விட்டார். அடுத்த ஆண்டு அச்சியந்திரம் வாங்கத் தமிழகஞ் சென்றபோது திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு நாவலர் என்னும் பட்டத்தை வழங்கிற்று. பின்னர் அவரது அச்சுக்கூடமும் வண்ணார்பண்ணையில் அமைந்தது. பாலபாடம் முதலிய நூல்கள் நாட்டில் எங்கணும் பரந்தன.

நாவலர் 1879இல் மறைந்தார். அவர் விட்ட இடத்திலிருந்து 1888இற் சைவபரிபாலன சபை தொடங்கியது. 1889இல் இந்துசாதனம் என்னும் பத்திரிகை வந்தது. 1890இல் இந்துக் கல்லூரி வண்ணார்பண்ணையில் நிலைபெற்றது. 1897இல் யாழ்ப்பாணம் வந்த சுவாமி விவேகானந்தர் அக்கல்லூரியிற் பேசினார். ஆங்கிலங் கற்கவேண்டும், ஆனால் அதற்காகச் சமயத்தை விடவேண்டியதில்லை என்பதே இவை அனைத்துக்கும் அடியிலிருந்த எண்ணம்.

இந்த எண்ணம் சைவருக்கு மட்டும் உரியதாயிருக்கவில்லை. சோனகத் தெருவிலும் அதே அச்சமும் அதே ஆசையும் இருந்தன.

யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் வணிகத்தாலும் கைத்தொழிலாலும் வாழ்ந்தவர்கள். தென்னிந்தியத் துறைகளோடு தோணி வியாபாரம் செய்தோரும், தையல் வேலை செய்தோரும், இறைச்சி வியாபாரிகளும், பெரியகடையிற் கடை வைத்திருந்தோரும் அவர்களிடையே இருந்தனர். பிற்காலத்தில் இரும்புச் சாமான் வியாபாரமும் லொறிப் போக்குவரத்தும் அவர்கள் கையிற் பெருமளவு தங்கியிருந்தன. வீட்டிற் பேசியது தமிழ். பிள்ளைக்கு முதலிற் கற்பித்த எழுத்து அறபு. குர்ஆன் பள்ளியிற் பயின்ற அந்த எழுத்தைக்கொண்டே தமிழையும் எழுதினர். அறபுத்தமிழ் என்று அது பெயர் பெற்றது. தமிழ் இலக்கியமும் அத்தெருவுக்கு அயலானதன்று. 1870இற் பிறந்து 1918இல் மறைந்த அசனாலெவ்வைப் புலவர் யாழ்ப்பாணத்து முஸ்லிம் புலவர்களுட் பெயர் பெற்றவர். முருகனைப் பாடிய அருணகிரிநாதரின் திருப்புகழ்ச் சந்தம் அவர் நாவிலே நபிகள் நாயகத்தின் புகழாக ஒலித்தது. அவர் மறைந்தபோது அஸீஸ் சிறு பிள்ளையாயிருந்தார்.

அஸீசின் தந்தையார் அபூபக்கர் சட்டத்தரணித் தொழில் செய்தவர். பொது வாழ்விலும் ஈடுபட்டவர். வணிகமே பெருவழக்காயிருந்த ஒரு தெருவிலே ஆங்கிலக் கல்வியின் பயனை நேரிற் கண்ட குடும்பம் அது. பிள்ளை முதலிற் போனது அல்லாபிச்சை குர்ஆன் பள்ளிக்கு. அதன்பின் முகம்மதியக் கலவன் பாடசாலைக்கு. இரண்டும் வீட்டுக்கு அண்மையிலுள்ளவை. அதற்குமேல் என்ன செய்வது என்பதே வினா. பட்டினத்திற் பெயர் பெற்ற ஆங்கிலப் பாடசாலைகளிற் பல மிசனரிமார் நடத்தியவை. முஸ்லிம்களுக்கென உயர்தரப் பாடசாலையொன்று யாழ்ப்பாணத்தில் இல்லை. கொழும்புக்கு அனுப்புவது எல்லாராலும் இயலாது. இத்தகைய இக்கட்டிற் பல பெற்றார் பிள்ளையைக் கடையில் இருத்திவிட்டனர்.

அபூபக்கர் அவ்வாறு செய்தாரல்லர். 1921இல் அஸீஸ் வைத்தீசுவர வித்தியாலயத்திற் சேர்ந்தார். சிவன் கோயிலின் பெயர் தாங்கிய பாடசாலை அது. இராமகிருஷ்ண சங்கத்தின் பொறுப்பில் இருந்தது. எல்லாச் சமயங்களும் ஒரே உண்மையை நாடுவன என்று போதித்த சங்கமாதலின், அங்கே ஒரு முஸ்லிம் மாணவன் தன் சமயத்தை வாயிலிற் கழற்றிவைத்துவிட்டு உள்ளே போகவேண்டிய நிலை ஏற்படவில்லை. அங்கே கற்றபின், 1923இல் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரிக்குச் சென்று 1929 வரை பயின்றார். தமது பள்ளிப் பருவத்தைப் பிற்காலத்தில் அவர் நன்றியோடு நினைவுகூர்ந்தார்.

பதினெட்டு வயது வரையிலான அந்த நடையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். காலையிற் சோனகத் தெருவிலிருந்து கிழக்கே. மாலையில் மீண்டும் மேற்கே. ஒரு புறத்திலே தேவாரமும் சிவராத்திரியும், மறு புறத்திலே மௌலிதும் நோன்புப் பெருநாளும். இடையிலே கிடுகு வேலிகளும், கிணற்றடிகளும், பனையோலைப் படலைகளும். அவை இரு புறத்துக்கும் பொதுவானவை. காந்தியடிகள் 1927 நவம்பரில் யாழ்ப்பாணம் வந்து ஊர் முழுவதும் அவரைக் காணத் திரண்டபோது அஸீஸ் இந்துக் கல்லூரி மாணவர். அந்த ஆண்டுகளில் யாழ்ப்பாணத்து வாலிபர் காங்கிரசும் சாதி, சமய பேதங்களைக் கண்டித்துக் குரலெழுப்பிக்கொண்டிருந்தது.

இங்கே ஒரு குறையையும் சொல்லித்தான் ஆகவேண்டும். வேற்றுச் சமயத்துச் சிறுவனுக்கு வாங்கிலே சமமான இடம் கிடைத்த அக்காலத்தில், சைவராய்ப் பிறந்தும் தாழ்ந்த சாதியினரென ஒதுக்கப்பட்டோரின் பிள்ளைகளுக்கு யாழ்ப்பாணத்துப் பாடசாலைகள் பலவற்றில் அந்த இடம் கிடைக்கவில்லை. 1920களின் இறுதியிற் சம ஆசனம் வழங்கவேண்டுமென்று அரசாங்கம் பணித்தபோதும் கடும் எதிர்ப்பு எழுந்தது. சில பாடசாலைக் கொட்டில்கள் தீக்கிரையாயின. தொழிலாளரின் பெயரைத் தாங்கிய ஊரைக்கொண்ட பட்டினத்திலே இது நடந்தது. யாழ்ப்பாணத்தின் கல்விப் பெருமையைப் பேசுவோர் இதை விட்டுவிட்டுப் பேசுவது நேர்மையாகாது.

இந்துக் கல்லூரியிலிருந்து அஸீஸ் கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரிக்குப் போனார். சரித்திரத்திற் சிறப்புப் பட்டம் பெற்றார். மேற்படிப்புக்குக் கேம்பிரிட்சு சென்றவர், சிவில் சேவைக்குத் தெரிவாகித் திரும்பி, 1935இல் அச்சேவையிற் சேர்ந்தார். இலங்கைச் சிவில் சேவையிற் சேர்ந்த முதல் முஸ்லிம் அவரே. 1942இல், உலக யுத்தத்தால் அரிசித் தட்டுப்பாடு நேர்ந்த காலத்தில், உணவு உற்பத்தியைப் பெருக்குதற்காகக் கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக அனுப்பப்பட்டார். நெற்பயிர்ச் செய்கைக்காகப் போனவர், வயலை மட்டும் பார்த்தாரல்லர். அங்குள்ள முஸ்லிம் பிள்ளைகளின் கல்விக் குறையையும் கண்டார். காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தரோடு அவருக்கு நெருங்கிய நட்பு உண்டாயிற்று. விபுலாநந்தரோ இராமகிருஷ்ண சங்கத் துறவி. அச்சங்கத்தின் பாடசாலைகளை நடத்தியவர். வண்ணார்பண்ணைச் சிறுவன் கற்ற பாடசாலையின் மரபு, கல்முனையிலே அவனுக்கு நண்பராக வந்து வாய்த்ததெனலாம். ஏழை மாணவர் படிப்பதற்கென முஸ்லிம் கல்விச் சகாய நிதியை அஸீஸ் தொடக்கியது 1945இல். 1948இல், பலரும் வியக்கும்படி, சிவில் சேவைப் பதவியைத் துறந்து கொழும்பு ஸாஹிறாக் கல்லூரியின் அதிபர் பொறுப்பை ஏற்றார்.

ஸாஹிறாவின் பிறப்பையும் வண்ணார்பண்ணைப் பாடசாலைகளின் பிறப்பையும் ஒப்புநோக்கினால் ஓர் உண்மை புலப்படும். அறிஞர் சித்திலெவ்வை முதலியோர், எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்டு இலங்கையில் வாழ்ந்த ஒறாபி பாஷாவின் ஆதரவோடு, மருதானையில் அப்பாடசாலையைத் தொடக்கியது 1892இல். மார்க்கம் மாறாமல் ஆங்கிலங் கற்பதற்கு ஒரு வழி என்பதே அவர்களுடைய நோக்கம். 1848இல் நாவலருக்கிருந்த நோக்கமும் அதுவே. இருவரும் பத்திரிகையையும் அச்சையும் பாடநூலையும் துணைக்கொண்டனர். ஒன்றின் நிழலில் வளர்ந்த மாணவன் மற்றொன்றின் தலைவராக வந்து அமர்ந்தது, தற்செயலாக நிகழ்ந்ததன்று. ஒரு சமூகம் தன்னைத் தானே கல்வியால் உயர்த்திக்கொண்ட முறையைச் சிறு பிராயத்திலேயே அயல் வீதியில் அவர் பார்த்திருந்தார். தமது சமூகத்துக்கு இல்லாதது இன்னதென்பதையும் அங்கேதான் அறிந்திருப்பார்.

அவருடைய காலத்து ஸாஹிறாவின் வாயில் மற்றையோருக்கும் திறந்திருந்தது. கரவெட்டியிலிருந்து சென்ற கார்த்திகேசு சிவத்தம்பி அங்கே மாணவராயிருந்தார், பின் ஆசிரியராயுமிருந்தார். இஸ்லாமியத் தமிழ் இலக்கிய ஆராய்ச்சிக்கும் அக்கல்லூரி ஓர் உறைவிடமாயிற்று. 1961 வரை அஸீஸ் அதிபராயிருந்தார். 1952 முதல் மூதவை உறுப்பினராகவும் விளங்கினார். 1956இல் தனிச் சிங்கள மசோதா வந்தபோது அதனை எதிர்த்து நின்று, தாம் சார்ந்திருந்த கட்சியையும் விட்டு விலகினார். தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட ஒரு முஸ்லிம் வேறென்ன செய்வார் என்று கேட்பது எளிது. ஆனால் அந்நாளிற் பலர் வேறு விதமாகவே செய்தனர். இலங்கையில் இஸ்லாம், மிஸ்ரின் வசியம், தமிழ் யாத்திரை ஆகிய அவருடைய நூல்கள் நல்ல தமிழில் அமைந்தவை. 1973 நவம்பர் 24ஆந் தேதி அவர் காலமானார். 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம், அவர் மறைந்தபின்னும் மறவாது, கலாநிதிப் பட்டம் அளித்துக் கௌரவித்தது.

அப்பட்டம் அளித்த பத்தாவது ஆண்டிலே அவர் பிறந்த தெரு வெறிச்சோடிப் போயிற்று.

1990 ஒக்டோபர் 30ஆந் தேதி, விடுதலைப் புலிகள் ஒலிபெருக்கியிற் கட்டளையிட்டு யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை மைதானத்தில் ஒன்றுகூடச் செய்தனர். இரண்டு மணி நேரத்துள் ஊரைவிட்டு நீங்கவேண்டுமென்று அவர்களுக்குச் சொல்லப்பட்டது. சிறு தொகைப் பணமும் உடுபுடவையும் தவிர வேறொன்றும் கொண்டுசெல்ல விடவில்லை. நகைகளும் கடைகளும் வீடுகளும் பறிபோயின. அம்மாதத்தில் வட மாகாணம் முழுவதிலுமிருந்து வெளியேற்றப்பட்டோர் ஏறத்தாழ எழுபத்தையாயிரம் பேர். ஐந்து சந்தியில் அவர்கள் அயலவராய் வாழ்ந்த காலம் எத்தனை தலைமுறையென்று ஒருவருங் கேட்கவில்லை. அயலிலிருந்த தமிழருட் கண்ணீர் விட்டோரும் உண்டு. எதிர்த்துப் பேச இயலாத காலம் அது என்பர். அது உண்மையே, ஆயினும் செய்யப்பட்டது பெருந்தீங்கு. போரின் கணக்கிலே அதைச் சேர்த்துச் சிறிதாக்கிவிட முடியாது. நாவலர் பிரசங்கித்த மண்டபத்துக்குக் கால்மணி நடைத் தூரத்திலே அது நடந்தது.

போனவர்களிற் பெரும்பாலோர் புத்தளத்திலே தங்கினர். ஓலைக் கொட்டில்களில் முகாம் வாழ்க்கை தொடங்கியது. அங்கே பிறந்த பிள்ளைகள் பெற்றார் வாய்ச்சொல்லிலேயே யாழ்ப்பாணத்தை அறிந்தனர். கிணற்று நீரின் சுவை, பனங்கிழங்கு, பள்ளிவாசல் முன்றில், பெரியகடைச் சந்தடி ஆகியவையெல்லாம் அவர்களுக்குக் கதைகளாயின. சோனகத் தெருவிலோ கூரைகள் கழற்றப்பட்டன. கதவுகளும் நிலைகளும் பெயர்க்கப்பட்டன. சுவர்களைப் பிளந்து மரங்கள் முளைத்தன.

2002ஆம் ஆண்டு யுத்த நிறுத்தத்தின்போது சிலர் வந்து பார்த்தனர். 2009இல் யுத்தம் முடிந்தபின் மேலுஞ் சில குடும்பங்கள் வந்தன. பள்ளிவாசல்கள் திருத்தப்பட்டன. பாடசாலைகள் மீண்டும் நடந்தன. சிலர் பழைய தொழிலைத் தொடங்கினர். வேறு பலர், இருபது ஆண்டுகளுக்குப்பின் தமது வளவின் எல்லையை அடையாளங் காண்பதற்கே அயலாரின் துணையை நாடவேண்டியிருந்தது. பிள்ளைகள் புத்தளத்தில் வளர்ந்து, படித்து, அங்கேயே மணமுடித்திருந்தனர். ஆதலின், வந்தவர்களிற் பலர் இடிந்த வீட்டைச் சுற்றிப் பார்த்து, பள்ளிவாசலிலே தொழுது, காணியை விற்று, உறுதியிற் கையொப்பமிட்டுவிட்டுப் புத்தளத்துக்கே திரும்பினர்.